தமிழ்ப்பள்ளி மாணவர்களை இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போவது எப்படி? தோட்டப்புறப் பள்ளிகளுக்கான வழிகாட்டி

புதிதாக அறிவியல் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இந்த ஆண்டு பொறுப்பேற்றவர்களுக்கும் இது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறது. நீங்கள் கூலிமிலோ ரவாங்கிலோ தெலுக் இந்தானிலோ இருந்தால் ஊரையும் தூரத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

அரும்பொருளகப் பயணம் என்றால் பேருந்து, பொட்டலச் சாப்பாடு, ஒரு குழுப்படம், வீடு என்று முடிந்துவிடுவதுதான் வழக்கம். மறுநாள் கேட்டால், "பெரிய எலும்புக்கூடு இருந்துச்சு சார்" என்பதோடு சரி. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாடநூலில் புலியின் மண்டையோடும் எலியின் மண்டையோடும் ஏறக்குறைய ஒரே அளவில் அச்சாகியிருக்கும். அரும்பொருளகத்தில் நிஜ அளவு தெரியும். இரண்டையும் அடுத்தடுத்து நின்று ஒப்பிட முடியும். இந்தப் பொருள் இன்ன இடத்தில், இன்ன ஆண்டில் கிடைத்தது என்ற சான்றும் பக்கத்திலேயே இருக்கும். இது மூன்றும் வகுப்பறையில் கிடைக்காது. கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த மூன்றும் கைதவறிப் போகாமல் இருக்கத்தான்.

1. முதலில் பாடத்தைப் பிடியுங்கள், இடம் பிறகு

எந்த ஆண்டு (வகுப்பு) மாணவர்கள், எந்தத் தலைப்பு என்பதை முடிவு செய்யாமல் பேருந்து நிறுவனத்துக்கு அழைக்காதீர்கள். தற்போதைய கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்தில் ஆண்டு 3க்குப் பற்களும் விலங்குகளின் உணவுப் பழக்கமும் வருகின்றன. ஆண்டு 4க்கு முதுகெலும்புள்ள விலங்குகள், ஆண்டு 5க்கு மனித எலும்பு மண்டலம், ஆண்டு 6க்குப் பாதுகாப்பும் பராமரிப்பும். நான்குமே எலும்புக்கூடுகளும் பாடம் செய்த விலங்குகளும் உள்ள கூடத்தில் நன்றாக நடத்தக்கூடியவை.

முதல் முறை போகிறீர்கள் என்றால் ஆண்டு 3ஐத் தேர்ந்தெடுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகளின் வாயில் பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்திருக்கும். தன் பல்லை எண்ணிவிட்டு மண்டையோட்டின் பல்லை எண்ணும் பிள்ளைக்கு வேறு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. பேருந்தில் இடம் மீதி இருக்கிறது என்று ஆண்டு 1 முதல் 6 வரை கலந்து ஏற்றுவார்கள். செலவு குறையும், உண்மைதான். ஆனால் ஒரே பணித்தாள் ஆறு வகுப்புக்கும் பொருந்தாது. அங்கே போனபின் பெரியவர்கள் சலிப்பார்கள், சின்னவர்கள் அழுவார்கள். இடம் மீதியிருந்தால் அருகிலுள்ள இன்னொரு தமிழ்ப்பள்ளியின் அதே ஆண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பள்ளிகளுக்கு அதுதான் சரியான வழி.

2. எங்கே போவது

பேராக்கில் இருப்பவர்களுக்கு முதல் தேர்வு தைப்பிங்கில் உள்ள பேராக் அரும்பொருளகம். 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையானது. சுங்கை சிப்புட்டிலிருந்து நெடுஞ்சாலை வழியாகப் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பழைய கட்டடம் என்பதால் சீரமைப்புக்காகக் கூடங்களை மூடுவது உண்டு. தொலைபேசியில் "திறந்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "விலங்குகள் உள்ள இயற்கை வரலாற்றுக் கூடம் அந்தத் தேதியில் திறந்திருக்குமா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். கட்டடம் திறந்திருந்து கூடம் மட்டும் பூட்டியிருந்தால் உங்கள் பாடம் அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, ஈப்போவில் கனிம வள, புவி அறிவியல் துறை நடத்தும் புவியியல் அரும்பொருளகம். பாறை, கனிமம், புதைபடிவம் பற்றிய பாடம் என்றால் தைப்பிங்கைவிட இதுவே மேல். தூரமும் பாதிதான். இது அரசாங்க அலுவலக வளாகத்தில் இருப்பது. அலுவலக நாள்களை ஒட்டி இயங்குவது. சனிக்கிழமை போய் இறங்கினால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். அரசாங்க இடங்களில் நண்பகல் தொழுகை நேரத்தில் கதவு மூடப்படும். பதினொன்றரைக்கு உள்ளே நுழைந்த குழு பாதியில் வெளியே நிற்கும்.

தைப்பிங் போனால் விலங்குக் காட்சிச்சாலையையும் சேர்க்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சேர்க்கலாம், அது மட்டும் போதும். காலையில் எலும்பைப் பார்த்துவிட்டு, அதே விலங்கு நடப்பதையும் மெல்லுவதையும் நண்பகலில் பார்ப்பது நல்ல பாடம். ஏரிப் பூங்காவையும், வழியில் கோலகங்சாரையும் சேர்த்தீர்கள் என்றால் அது சுற்றுலாவாகிவிடும். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர், அதுவும் பிற்பகலில். காட்சிச்சாலையை ஒன்றரை மணிக்குள் முடிக்கும்படி வையுங்கள்.

கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தைச் சிலர் சொல்வார்கள். அங்கே நிலத்தின் தொன்மை பற்றிய காட்சிகள் உண்டு; ஆனால் அது பெரும்பாலும் மனித வரலாறு. சிங்கப்பூரில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் 2015இல் திறக்கப்பட்டது. மூன்று டைனசோர் எலும்புக்கூடுகளும், அதே ஆண்டு ஜூரோங் தீவருகே ஒதுங்கிய 10.6 மீட்டர் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் அங்கே இருக்கின்றன. அருமையான இடம். ஆனால் கடப்பிதழ், எல்லை நெரிசல், அமைச்சு வரை போகும் அனுமதி என்று வேலை பல மடங்காகும். ஜொகூர் பள்ளிகளுக்கு விட்டுவிடுங்கள்.

3. நாள் கணக்கு

பயண நாளிலிருந்து பின்னோக்கி எட்டு வாரம் எண்ணுங்கள்.

எட்டாம் வாரம் தலைமையாசிரியரிடம் பேசி, அரும்பொருளகத்துக்கு அதிகாரபூர்வக் கடிதம் அனுப்ப வேண்டும். ஏழாம் வாரம் மூன்று பேருந்து நிறுவனங்களிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். ஆறாம் வாரம் பயணத் திட்ட அறிக்கை, அதாவது கெர்தாஸ் கெர்ஜா, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். நான்காம் வாரம் பெற்றோர் அனுமதிக் கடிதம். இரண்டாம் வாரம் ஓர் ஆசிரியர் நேரில் போய் இடத்தைப் பார்த்துவர வேண்டும். இதை மட்டும் விடாதீர்கள். எந்தப் பெட்டியில் எந்த மண்டையோடு, கழிப்பறை எங்கே, பேருந்து எங்கே நிற்கும், சாப்பிட உட்கார இடம் உண்டா என்பதெல்லாம் இணையத்தில் கிடைக்காது.

தேதி குறிக்கும்போது நோன்பு மாதம், பள்ளித் தேர்வு, விளையாட்டுப் போட்டி மூன்றையும் பாருங்கள். பள்ளி விடுமுறை வாரத்தில் பொதுமக்கள் கூட்டம் இருக்கும். செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது.

4. தாள்கள்

மாநிலத்துக்குள் என்றால் அனுமதி மாவட்ட அளவில் முடிந்துவிடும். மாநில எல்லை தாண்டினால் கையெழுத்து ஒரு படி மேலே போகும். நடப்புச் சுற்றறிக்கை புறப்பாடத் துணைத் தலைமையாசிரியரிடம் இருக்கும். ஒரு மாணவர் குழுவுக்கு எத்தனை ஆசிரியர் என்பதை அதைப் பார்த்து எழுதுங்கள். போன ஆண்டுக் கோப்பைப் பார்த்து நகலெடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோப்பில் இவை இருக்க வேண்டும்: திட்ட அறிக்கை, நேர அட்டவணை, மாணவர் பெயர்ப்பட்டியல் மைகிட் (பிள்ளைகளின் அடையாள அட்டை) எண்ணோடு, உடன் வரும் ஆசிரியர் பட்டியல், அரும்பொருளகத்தின் ஒப்புதல் கடிதம், பேருந்து ஆவணங்கள், பெற்றோர் அனுமதிக் கடிதங்கள், காப்புறுதிச் சான்று. திட்ட அறிக்கையின் நோக்கப் பகுதியில் "மாணவர்களின் அறிவை வளர்க்க" என்று எழுதாதீர்கள். பாடத்திட்ட ஆவணமான டி.எஸ்.கே.பி.யில் உள்ள கற்றல் தரத்தின் எண்ணைக் குறிப்பிடுங்கள். அப்படி எழுதினால் பாடப் பயணம் என்று கேள்வியில்லாமல் போகும்.

காப்புறுதியில் ஒரு சிக்கல் வரும். ஆண்டுத் தொடக்கத்தில் கட்டிய மாணவர் காப்புறுதியில், நடுவில் மாற்றலாகி வந்த பிள்ளையின் பெயர் இருக்காது. பட்டியலோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிடுங்கள். பிறப்புப் பத்திரச் சிக்கல் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால், கடைசி வாரத்தில் "உன் பெயர் ஏறவில்லை" என்று சொல்லும் நிலை வரக்கூடாது. எட்டாம் வாரமே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர் கடிதம்தான் தோட்டப்புறத்தில் பெரிய தலைவலி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்களும் செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை அறுப்பவர்களும் பிள்ளை எழும்முன் வேலைக்குப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை கொடுத்த கடிதம் புத்தகப்பையிலேயே கசங்கிக் கிடக்கும். வியாழன் அன்று கொடுத்துத் திங்களன்று வாங்குங்கள். வார இறுதியில் யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார். கையெழுத்து அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான பாதுகாவலருடையதாக இருக்க வேண்டும். பாட்டி போட்ட கைநாட்டு அன்பானதுதான், செல்லாது.

அதே கடிதத்தில் ஆஸ்துமா, வலிப்பு, உணவு ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்து ஆகியவற்றைக் கேளுங்கள். தொலைபேசி எண் இரண்டு வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் நிற்பவருக்குப் பகலில் அழைப்பு போய்ச் சேராது. இரண்டாவது எண் வேலையை மேற்பார்க்கும் மண்டோருடையதாகவோ தோட்ட அலுவலகக் கிராணியுடையதாகவோ இருந்தால் அவசரத்துக்கு ஆள் கிடைப்பார்.

5. பேருந்து

விலையைக் கேட்கும் முன் தாள்களைக் கேளுங்கள். நிறுவனத்தின் உரிமம், வண்டியின் சாலை வரி, காப்புறுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வண்டிச் சோதனையின் சான்று, பயணிகள் வண்டி ஓட்ட ஓட்டுநருக்கு வேண்டிய பி.எஸ்.வி. உரிமம். இவற்றின் நகல்களில் உள்ள வண்டி எண்ணும், பயண நாள் காலையில் வந்து நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். "அந்த வண்டி கெட்டுப்போச்சு, இது வேற" என்று மாற்றி அனுப்புவது அடிக்கடி நடக்கும். மாற்று வண்டியின் தாள்களும் முன்கூட்டியே தரப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் பள்ளிப் பேருந்து மலிவாகக் கிடைக்கும். அதன் உரிமம் எந்தப் பயணத்துக்குத் தரப்பட்டது என்று பாருங்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஓட உரிமம் வாங்கிய வண்டி நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். சுற்றுலாப் பேருந்தை எடுங்கள். 2025 ஜூலை முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் பயணிகள் சீட் பெல்ட் அணிவது கட்டாயம். பார்க்கப் போகும்போதே ஒவ்வொரு இருக்கையின் கொக்கியும் மாட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

திரும்பும் நேரத்தையும் இங்கேயே யோசியுங்கள். பள்ளி வாசலில் இறங்கிய பிள்ளை, உள்ளே ஏழெட்டு மைல் தள்ளியிருக்கும் டிவிசன் (தோட்டப் பிரிவு) குடியிருப்பு லயத்துக்கு எப்படிப் போகும்? வழக்கமான வேன் மதியமே போயிருக்கும். வேன் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசி, அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

6. பணம்

பேருந்துச் செலவு ஆள் குறைந்தாலும் குறையாது. கணக்கில் பலர் தவறுவது இங்கேதான். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு: பேருந்து 1,000 ரிங்கிட், மாணவர் 40 பேர், ஆளுக்கு 25 ரிங்கிட் என்று வசூலிக்கிறீர்கள். கடைசியில் 32 பேர்தான் பணம் கட்டினார்கள் என்றால் கையில் 800. மீதி 200 யார் தருவது? ஆகவே பேருந்துச் செலவை மாணவர் தொகையிலிருந்து எடுக்காமல், சங்க நிதி அல்லது நன்கொடையிலிருந்து முழுதாகக் கட்டிவிடுங்கள். நுழைவுக்கட்டணம், சாப்பாடு போன்ற ஆள்கணக்குச் செலவை மட்டும் மாணவரிடம் வாங்குங்கள். யார் வராமல் போனாலும் ஓட்டை விழாது.

நன்கொடைக்குப் போகும் இடங்கள்: தோட்ட நிர்வாகம், கோயில் நிர்வாகக் குழு, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம், முன்னாள் மாணவர்கள். தோட்ட மேனேஜரிடம் போகும்போது பொதுவாக "உதவி வேண்டும்" என்று கேட்காதீர்கள். பேருந்து விலைப்பட்டியலை நீட்டி, "இந்தத் தொகையை நேராக நிறுவனத்துக்குக் கட்டுங்கள்" என்று கேட்டால் காரியம் சீக்கிரம் ஆகும். அரும்பொருளகத்துக்கு எழுதும் கடிதத்திலேயே நுழைவுக்கட்டண விலக்கும், விளக்கம் தரும் அதிகாரி ஒருவரும் வேண்டும் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் தாங்களாகத் தரமாட்டார்கள்.

பணம் எதுவும் ஆசிரியரின் சொந்த வங்கிக் கணக்குக்கு வரக்கூடாது. ஐந்து ரிங்கிட் ஆனாலும் பள்ளி ரசீது. மொத்தச் செலவின் மேல் பத்து விழுக்காடு அவசரத்துக்கு ஒதுக்குங்கள்.

பணம் கட்ட முடியாத பிள்ளைகளின் பெயரைத் தனிப்பட்டியலாக வகுப்பில் வாசிக்காதீர்கள். சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் நடக்கிறது.

7. போகுமுன் நடத்த வேண்டிய பாடம்

தோட்டப் பிள்ளைகளுக்கு நகரத்துப் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பெட்டிக்குள் நிற்கும் விலங்குகளில் பாதி அவர்களுக்கு அண்டை வீட்டுக்காரர்கள். காட்டுப்பன்றி செம்பனைக் கன்றைத் தோண்டுவதையும், மரநாய் பழுத்த செம்பனைப் பழத்தைத் தின்பதையும், மலைப்பாம்பு சாக்கடைக் குழாயில் சுருண்டிருப்பதையும் பார்த்தவர்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

மிகச் சிறந்த முன்பாடம் கூகைப் பெட்டியில் இருக்கிறது. எலியைக் கட்டுப்படுத்தச் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்து வெண்கூகை என்ற ஆந்தையை வளர்ப்பது வழக்கம். கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்கு அடியில் தரையில் கிடக்கும் அந்த உருண்டைக்குள் எலியின் மண்டையோடு, தாடை, விலா எல்லாம் உடையாமல் இருக்கும்.

எடுக்கும் முறை இது. தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். பெரியவர் ஒருவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காய்ந்த உருண்டைகளை மட்டும் தரையிலிருந்து பொறுக்க வேண்டும். பெட்டியைத் தொடவோ ஏணி வைத்து எட்டிப் பார்க்கவோ கூடாது. கூகை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் கீழ் காக்கப்படும் பறவை. அதோடு, தொந்தரவு செய்தால் குஞ்சை விட்டுவிட்டுப் போய்விடும். உருண்டையை அலுமினியத் தாளில் சுற்றி, அடுப்புப் பெட்டியில் 160 பாகை செல்சியசில் 40 நிமிடம் சூடாக்குங்கள். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் சாக இது தேவை. சமையலுக்குப் பயன்படும் அடுப்பு வேண்டாம், வாடை போகாது.

பிறகு நான்கு பேருக்கு ஓர் உருண்டை, வெள்ளைத்தாள், பல்குச்சி, கையுறை. ஒரு பாடவேளை போதும். எலிக்கு மொத்தம் 16 பல். முன்னால் நிற்கும் நான்கு வெட்டுப்பற்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், வாழ்நாள் முழுக்க வளரும். அவற்றுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே வெறும் இடைவெளி, கோரைப்பல்லே கிடையாது. இதைக் கையால் பிரித்துப் பார்த்த பிள்ளை அரும்பொருளகத்தில் புலியின் மண்டையோட்டுக்கு முன் நிற்கும்போது கேள்வி தானாக வரும். எலும்பை வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். சுகாதாரம் ஒரு காரணம். ஆந்தை சம்பந்தப்பட்ட எதுவும் வாசல்படி தாண்டினால் பாட்டிமார் பள்ளிக்கே வந்துவிடுவார்கள் என்பது இன்னொன்று.

அடுத்து மொழி. நம் பிள்ளைகள் அறிவியலைத் தமிழில் படிக்கிறார்கள். அங்கே குறிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். ஹரிமாவ் (புலி), காஜா (யானை) எல்லாருக்கும் தெரியும். தெனுக், லண்டாக், தெங்கிலிங் என்று இருந்தால் பலர் விழிப்பார்கள். ஒரு சின்ன அட்டையில் இருபது சொல் எழுதிக் கொடுங்கள். எடுத்துக்காட்டுக்குச் சில: தெனுக் பன்றிமூக்குத் தாபிர், லண்டாக் முள்ளம்பன்றி, தெங்கிலிங் எறும்புண்ணி, ரங்கா எலும்புக்கூடு, தெங்கோராக் மண்டையோடு, கிகி காச்சிப் வெட்டுப்பல், கிகி தாரிங் கோரைப்பல், கிகி கெராஹாம் கடைவாய்ப்பல், ஃபோசில் புதைபடிவம். இந்த அட்டை இல்லாமல் போனால் உங்கள் இரண்டு மணி நேரமும் மொழிபெயர்ப்பிலேயே போய்விடும்.

8. பணித்தாள்

ஒரு பக்கம், நான்கு கேள்வி. அதற்கு மேல் போகாதீர்கள். "முப்பது விலங்குகளைக் கண்டுபிடித்துப் பெயர் எழுது" என்ற வகைத் தாள் கொடுத்தால் பிள்ளைகள் பெட்டிக்குப் பெட்டி ஓடிக் குறிப்பை நகலெடுப்பார்கள். விலங்கைப் பார்க்கவே மாட்டார்கள்.

ஆண்டு 3க்கு ஒரு மாதிரி. ஒன்று: ஒரு மண்டையோட்டைத் தேர்ந்தெடுத்துப் பக்கவாட்டிலிருந்து வரை, கண்குழி முன்னால் பார்க்கிறதா, பக்கத்தில் பார்க்கிறதா? இரண்டு: எந்த வகைப் பல் பெரிதாக இருக்கிறது? அப்படியானால் அது என்ன தின்றிருக்கும்? எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறாய்? மூன்று: உன் பல்லின் எண்ணிக்கையோடு ஒப்பிடு. நான்கு: குறிப்பில் உள்ள ஊர், ஆண்டு இரண்டையும் எழுது.

விடை சரிபார்க்க உங்களுக்கு: வளர்ந்த மனிதருக்கு 32, பால்பல் 20, புலிக்கு 30, காட்டுப்பன்றிக்கு 44. பழைய மண்டையோடுகளில் பல் விழுந்திருக்கலாம். குழியையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். சருகுமானின் மண்டையோடு இருந்தால் தவறவிடாதீர்கள். ஆணுக்கு மேல்தாடையில் நீண்ட கோரைப்பல் தொங்கும். "கோரைப்பல் இருந்தால் மாமிச உண்ணி" என்று மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே தடுமாறும். தடுமாறட்டும். அது இலையும் பழமும் தின்பது, அந்தப் பல் சண்டைக்கு என்பதைப் பிறகு சொல்லுங்கள்.

ஆண்டு 5 என்றால் வௌவால் சிறகு, பறவைச் சிறகு, நம் கை மூன்றையும் ஒப்பிடும் ஒரே கேள்வி போதும். மேல்கையில் ஓர் எலும்பு, கீழ்க்கையில் இரண்டு என்ற அமைப்பு மூன்றிலும் இருக்கும். ஆண்டு 6க்குக் குறிப்பு அட்டைதான் பாடம். விலங்கு பிடிபட்ட ஊரையும் ஆண்டையும் எழுதிக்கொண்டு, இன்று அங்கே காடு இருக்கிறதா என்று திரும்பி வந்து வரைபடத்தில் தேடட்டும். மலாயாப் புலி காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. சுமத்திராக் காண்டாமிருகம் 2019 நவம்பரோடு மலேசியாவில் இல்லாமல் போனது. இந்த இரண்டு தகவலையும் போகுமுன் சொல்லாதீர்கள், வந்தபின் சொல்லுங்கள்.

ஈப்போ போகிறவர்கள் கேள்வியைக் கையில் தூக்கிப் பார்ப்பதில் வையுங்கள். வெள்ளீயத் தாதுக் கல்லும் வெள்ளைப் படிகக்கல்லும் ஒரே அளவில் இருந்தாலும் முன்னது இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். தொட்டுப் பார்க்கத் தரக்கூடிய மாதிரிகள் உண்டா என்று அதிகாரியிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

9. பயண நாள்

ஏழேகாலுக்குக் கூடல், ஏழரைக்குப் புறப்பாடு. எட்டே முக்காலுக்குத் தைப்பிங்கில் இறங்கிப் பசியாறல், கழிப்பறை. நாற்பது பிள்ளைகள் கழிப்பறை போய்வர இருபது நிமிடம் ஆகும். அட்டவணையில் எழுதாவிட்டாலும் அது நடக்கும். ஒன்பதேகாலுக்கு உள்ளே. பதினொன்றேகாலுக்கு வெளியே. பிறகு காட்சிச்சாலை, அங்கேயே சாப்பாடு, இரண்டு மணிக்குள் பேருந்தில் ஏறிவிட வேண்டும்.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். அந்தப் பெரியவருக்கும் பணித்தாள் முன்பே கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருப்பார். எல்லாக் குழுவும் ஒரே பெட்டியில் தொடங்கக் கூடாது. ஆளுக்கொரு மூலையில் தொடங்கி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள்.

பேனா வேண்டாம், பென்சில் மட்டும். மை பட்டால் காட்சிப்பொருளிலிருந்து எடுக்க முடியாது. வரைவதுதான் வேலை, படம் பிடித்தால் கண்ணாடியில் தன் முகம்தான் விழும், பல் விழாது. அளக்க, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட மூன்று மீட்டர்க் கயிறு ஒன்றைக் குழுவுக்குக் கொடுங்கள். பெட்டிக்கு வெளியே தரையில் நீட்டிப் பிடித்தால் நீளம் கிட்டத்தட்டத் தெரியும்.

தொடாதே என்று சொல்வதோடு ஏன் என்றும் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் பாடம் செய்த விலங்குத்தோல் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் கலந்த சோப்பைப் பூசினார்கள். அந்த நஞ்சு இன்னும் தோலிலும் மயிரிலும் இருக்கலாம். கண்ணாடிப் பெட்டி இல்லாமல் நிற்கும் உருவத்தைத் தடவிய கையோடு பிஸ்கட் சாப்பிடக் கூடாது. வெளியே வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

சாப்பாட்டில் ஒரு சங்கதி. விடியற்காலை நான்கு மணிக்குப் பொட்டலம் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சேர்ந்தது, நண்பகல் வெயிலில் பேருந்துக்குள் கிடந்தால் கெட்டுவிடும். அதைக் காலைப் பசியாறலுக்குக் கொடுத்து முடித்துவிடுங்கள். மதியத்துக்குத் தைப்பிங்கிலேயே கடை பேசிக்கொள்ளலாம். புரட்டாசியில் போனால் சைவம் எத்தனை பேர் என்று முன்பே எண்ணுங்கள். பேருந்தில் வாந்திப் பைகள், முதலுதவிப் பெட்டி, ஆஸ்துமா மருந்துகள் ஆசிரியர் கையில். ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணிக்கை, ஒவ்வொரு முறையும் இருவர் தனித்தனியாக.

10. திரும்பி வந்த வாரம்

மூன்று நாளுக்குள் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள், தள்ளிப்போட்டால் மறந்துவிடும். கூகை உருண்டையில் கிடைத்த எலி எலும்பை மேசையில் வைத்து, அரும்பொருளகத்தில் வரைந்த படங்களோடு ஒப்பிடட்டும். எது தாவர உண்ணி, எது மாமிச உண்ணி, எது இரண்டும் என்று வெறும் விடை போதாது. பல்லைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

வகுப்பு மூலையில் ஒரு சின்னக் காட்சியகம் வைக்கலாம். ரப்பர் கொட்டை, செம்பனைப் பழம், உலர்ந்த இலைகள், ஆற்றுக்கல், சுண்ணாம்புக்கல் போதும். சுண்ணாம்புக்கல்லைச் சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் சொக்கா (வினிகர்) ஊற்றினால் நுரைக்கும். முழுக்கல்லின்மேல் ஊற்றினால் அவ்வளவாகத் தெரியாது. இறகு, பறவைக்கூடு, விலங்கு எலும்பு, பெரிய பட்டாம்பூச்சி எதுவும் சேகரிக்க வேண்டாம். ராஜா புரூக் போன்ற பட்டாம்பூச்சிகளும் பல பறவைகளும் சட்டத்தால் காக்கப்பட்டவை. எது காக்கப்பட்டது என்று பிள்ளைகளால் பிரித்தறிய முடியாது.

இலை உலர்த்த நாளிதழுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம். நாளிதழைத் தினமும் மாற்ற வேண்டும், பத்து நாளாவது. நம் ஈரப்பதத்தில் மாற்றாமல் விட்டால் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை: பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர். "தோட்டம்" என்று எழுதினால் போதாது. எந்த டிவிசன், எந்த ஆற்றங்கரை என்று வேண்டும். 1892இல் மலாக்கா அருகே ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடு சிங்கப்பூரில் பல்லாண்டு தொங்கி, 1974இல் மலேசியாவுக்குத் தரப்பட்டு, இப்போது லாபுவானில் இருக்கிறது. இத்தனை இடம் மாறியும் அது எங்கே, எப்போது கிடைத்தது என்று இன்றும் சொல்ல முடிவது யாரோ எழுதி வைத்ததால்தான். அட்டை எழுதச் சோம்பும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

பிள்ளைகள் வரைந்த படங்களில் இரண்டை அரும்பொருளகத்துக்கு நன்றிக் கடிதத்தோடு அனுப்புங்கள். அடுத்த ஆண்டுத் தேதியையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு இரண்டு வாரத்துக்குள் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்து, ஒரு நகலை நன்கொடை தந்த தோட்ட அலுவலகத்துக்கும் கொடுங்கள். மீதிப்பணம் இருந்தால் அது மாணவர் பயண நிதியாகவே பள்ளிக் கணக்கில் இருக்கட்டும்.